பள்ளித் தோட்டமும் பிள்ளைகளின் சமையலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளி கடலை ஒட்டியிருக்கிறது. சென்ற ஜூன் மாதம் பிள்ளைகளோடு சேர்ந்து பீன்ஸும் கேரட்டும் விதைத்தோம். முளைத்தவை இலை நுனி கருகிப் பட்டுப்போயின. இந்த மணலிலும் உவர்நீரிலும் தோட்டம் போட முடியுமா?
– ஓர் ஆசிரியை, மண்டபம்

பதில்: முடியும். ஆனால் பயிரையும் பருவத்தையும் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவை உப்பைத் தாங்கும் இயல்பில்லாதவை. உவர்நீர் பாய்ச்சினால் அவற்றின் இலை ஓரமும் நுனியும் கருகிவிடும். ஜூன் மாதமும் நமக்கு ஏற்றதன்று. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மழைநீர் மேல்மண்ணின் உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும் என்பதால், புரட்டாசிக் கடைசியில் பாத்தியைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, மழை சற்று ஓயும் இடைவெளி பார்த்து விதைப்பதே நல்லது.

மணலில் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. மட்கிய தொழு உரத்தையும், கிடைத்தால் கண்மாய் வண்டலையும் கலந்து, மேலே காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள். தென்னை நார்க்கழிவையோ கரையில் ஒதுங்கும் கடற்பாசியையோ சேர்ப்பதாக இருந்தால், நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பைப் போக்கிய பிறகே குப்பைக்குழியில் போட்டு மட்க வைக்க வேண்டும். கொத்தவரை, பீட்ரூட், பருப்புக்கீரை, தண்டுக்கீரை ஆகியவை ஓரளவு உப்பைத் தாங்கி வளரும். வேலியோரம் ஒரு முருங்கை இருக்கட்டும். கோடை விடுமுறையில் யாரும் பார்க்காவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

முதல் பயிராகக் கீரையைத்தான் நான் வற்புறுத்திச் சொல்வேன். ஆறு வயதுப் பிள்ளையால் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. கீரையோ ஏறக்குறைய 25 நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும். கீரை விதை மிகவும் பொடியானது. பிள்ளை அதை அப்படியே கையில் அள்ளித் தூவினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடம் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே விதையைப் பல பங்கு காய்ந்த மணலோடு கலந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிரட்டை அளவு கொடுத்து, தனக்கென்று பிரித்துவிட்ட பாத்தியில் தூவச் சொல்லுங்கள். ஆடுகளைத் தடுக்கப் பனைமட்டை வேலி போதும். உங்கள் கிணற்று நீரின் உப்பளவை அறியவும் பயிர்களைத் தேர்ந்தெடுக்கவும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இராமநாதபுரத்தில் நடத்தும் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தை அணுகுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் சமையலும் சொல்லித் தரப்போகிறார்களாம். கத்தியையும் நெருப்பையும் சிறுபிள்ளைகளிடம் கொடுக்கலாமா? ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று என் மாமியார் வேறு கேட்கிறார்.
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த வயதில் ஆய்தல், உரித்தல், அலசுதல், கடைதல் ஆகிய வேலைகளே நிறைய இருக்கின்றன. நம் மணற்பாத்திக் கீரையை அலசுவதே ஒரு பாடம்தான். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, கீரையை அமிழ்த்தி, தண்ணீரைச் சாய்த்துக் கொட்டாமல் கீரையை மட்டும் இரு கையாலும் மேலே அள்ளி எடுக்க வேண்டும். அப்போதுதான் மணல் அடியில் தங்கும். பாத்திரத்தின் அடியைத் தடவினால் விரலில் மணல் நெருடாத வரை தண்ணீரை மாற்ற வேண்டும். வேகவைப்பதைச் சத்துணவுக்கூடத்துச் சமையலர் பார்த்துக்கொள்ளட்டும். சூடு ஆறிய பிறகு சட்டியை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, இன்னொரு பிள்ளை மத்தால் கடையலாம். சாம்பாரில் கிடக்கும் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற பிள்ளை, தான் விதைத்துத் தானே கடைந்ததை ஒரு வாயாவது தின்று பார்க்கும். அங்கிருந்துதான் பழக்கம் தொடங்குகிறது. சிறுகத்தியை நான்காம் ஐந்தாம் வகுப்பில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, உட்கார்ந்தபடி பழக்கலாம். முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இறாலோ நிலக்கடலையோ உங்கள் மகனுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் ஆசிரியரிடம் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகளில் சோறு வடிப்பதும் குழம்பு வைப்பதும் ஆண்கள்தாம் என்பது உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும். அதை நினைவூட்டினாலே போதும்.

கேள்வி: நான் கடல்தொழில் செய்பவன். என் பிள்ளைக்கு இந்தப் பாடு வேண்டாம் என்றுதான் படிக்க அனுப்புகிறேன். பள்ளியிலும் மண்வெட்டியும் சட்டியும்தானா?
– ஒரு தந்தை, தொண்டி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 1953இல் இராஜாஜி ஆட்சியில், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளையை அப்பன் தொழிலுக்குத் திருப்பி அனுப்புகிற எதையும் பள்ளி செய்யக்கூடாது.

நல்ல பள்ளித் தோட்டம் அப்படிப்பட்டதன்று. எந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் எல்லா வேலையையும் முறைவைத்துச் செய்வார்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். அதிலும் பாதி நேரம் குறிப்பேட்டில் கழியும். ஒரே அளவான இரண்டு தொட்டிகளில் ஒரே விதையைப் போட்டு, ஒன்றுக்கு மழைநீரும் மற்றதற்கு உவர்நீரும் ஊற்றி, வாரந்தோறும் செடியின் உயரத்தை அளந்து வரைபடம் போடுகிற பிள்ளை கணக்கையும் அறிவியலையும் சேர்த்தே கற்கிறது. ஒரு தட்டில் உவர்நீரை வெயிலில் வைத்து, அது வற்றியபின் வெள்ளையாகத் தங்கும் உப்பைப் பார்த்தால், ஒரு தொட்டிச் செடி மட்டும் ஏன் வாடியது என்பதையும் அதுவே சொல்லிவிடும். உங்கள் பிள்ளையின் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். அதில் அளவுகளும் படங்களும் கேள்விகளும் இருந்தால் அது படிப்புதான். குறிப்பேடே இல்லாமல், சில குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் மண் சுமப்பதும் பெண்பிள்ளைகள் மட்டும் பாத்திரம் கழுவுவதும் நடந்தால் அது வேலை வாங்குவது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கிறார்கள்; அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.