ஃபுனகோஷியை ஏன் நவீன கராத்தேயின் தந்தை என்கிறார்கள்?

கராத்தேயைக் கண்டுபிடித்தவர் கிச்சின் ஃபுனகோஷி இல்லை. ஒகினாவா தீவுக்குள் இருந்த கலையை ஜப்பான் முழுக்கக் கொண்டுபோனவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர்.

1868இல் ஒகினாவாவின் ஷுரியில் பிறந்தார், நோஞ்சான் குழந்தை. பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. இரவானால் ஆசான் அசாட்டோவின் வீட்டு முற்றத்தில் பயிற்சி. ஒரே காட்டாவை (அடிவரிசை மாதிரி) மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வாராம் ஆசான். எனக்கு ஃபுனகோஷியிடம் மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

1922இல் டோக்கியோவில் செய்துகாட்டப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, கையில் காசில்லை. ஒகினாவா மாணவர் விடுதியில் தங்கி, முற்றம் பெருக்கிக்கொண்டே கற்றுக்கொடுத்தார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ அவருக்குத் துணைநின்றார்.

அப்புறம் பெயர் விஷயம். ‘கரா’ என்பதை முன்பு ‘சீனா’ எனப் பொருள்படும் எழுத்தால் எழுதினார்கள். அதே ஒலியுள்ள ‘வெறுமை’ என்ற எழுத்தை நிலைபெறச் செய்தவர்களில் இவர் முக்கியமானவர். ‘வெறுங்கை’ என்ற பொருள் அப்படி வந்ததுதான்.

‘ஷோட்டோ’ என்பது கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையோசை என்று பொருள். அந்தப் பெயரில் மாணவர்கள் கட்டிய ஷோட்டோகான் பயிற்சிக் கூடம் 1945 குண்டுவீச்சில் அழிந்தது. 1957இல் அவர் மறைந்தார். காமகுராவின் எங்ககுஜி கோயிலில் உள்ள நினைவுக்கல்லில் அவருடைய வாக்கு இருக்கிறது: கராத்தேயில் முதலில் தாக்குவது கிடையாது.