வெற்றி பெற்ற தொழில்முனைவோரை உந்துவது எது? தொழில் நடத்தி நீங்கள் கற்ற பாடம் என்ன?

கேட்டவர் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது தொடங்கலாமா என்ற யோசனையில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். கனவு, வெறி, விடாமுயற்சி என்று பலரும் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் என்னை ஓட வைத்தது சனிக்கிழமைதான்.

கிருஷ்ணகிரி பக்கம் பன்னிரண்டு வருடமாகப் புளி வியாபாரம் செய்கிறேன். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் ஓட்டோடு வாங்கி, காயவைத்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்து, குளிர்பதனக் கிடங்கில் வைத்து விற்கிறோம். வெளியில் கிடந்தால் புளி கருத்துவிடும், விலை இறங்கிவிடும். "புளி விற்பதெல்லாம் தொழில்முனைவா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பதினெட்டுப் பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கொட்டை தட்டுகிறார்கள். கிலோ கணக்கில் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. அந்தப் பணத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுத்த வாரத்து அரிசி வாங்குவார்கள்.

2020 மார்ச். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் எங்களுக்குச் சீசன் என்பதால் கைப்பணம் முழுக்கச் சரக்காகி, வீட்டில் கூரை வரைக்கும் மூட்டை. பெங்களூரில் ஒரு மொத்த வியாபாரி 3,40,000 ரூபாய் பாக்கி. 24-ம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். அவருக்குப் போன் போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. 28-ம் தேதி சனிக்கிழமை. கொடுக்க வேண்டிய கூலி 21,000. கையில் இருந்தது 2,000 ரூபாய்க்கும் கீழே.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு நடந்து போனேன். எப்போதும் பத்து கிலோவுக்கு மேல் வாங்காத கடை. இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமா என்று நானே பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு. கடைக்காரர் தர வேண்டிய 1,600 ரூபாயை மட்டும்தான் கேட்டேன். முகத்தைப் பார்த்து, "என்னம்மா விஷயம்?" என்றார். சொன்னேன். கல்லாப்பெட்டியை இழுத்து அப்படியே எடுத்து வைத்தார். எல்லாம் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள், ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள், ஓரத்தில் மிளகாய்ப் பொடி ஒட்டியிருந்தது. எண்ணினால் 14,000. "பொம்பளைங்க கூலியை நிறுத்தாதம்மா. சரக்கு அப்புறம் கொடு" என்றார். மீதிக்கு அரிசி, பருப்பு கட்டிக்கொடுத்து என் கணக்கில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கொடுத்தேன். எல்லோருக்கும் மூத்தவர் நிதானமாக எண்ணிப் பார்த்து, "நாப்பது ரூபா சேர்த்து வந்துடுச்சு கண்ணு" என்று இரண்டு இருபது ரூபாய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வியாபார முறையையே மாற்றினேன். ஒரே ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரக்கு கொடுப்பதில்லை. காவேரிப்பட்டணம், பர்கூர், மத்தூர், ஊத்தங்கரை என்று சின்னக் கடைகளாகப் பிடித்தேன். 1970-ல் ராயபுரத்தில் 13,000 ரூபாயோடு தொடங்கிய அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன்கூட, பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சிறு ஊர்களில்தான் கால் ஊன்றினார். அவரோடு என்னை ஒப்பிடவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னக் கடைக்காரர் கொஞ்சமாக வாங்குவார், ஆனால் கண்ணெதிரே இருப்பார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பெங்களூர்க்காரர் பிறகு தவணை தவணையாகக் கொடுத்தார். இன்னும் 1,10,000 வரவில்லை. 2006-ம் வருடச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் முதல் மூட்டையை அனுப்பும் முன்பே, இப்படிப்பட்ட சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அது இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ரோட்டோரப் புளியமரங்களை வரிசையாக வெட்டினார்களே, அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். விதை போட்டு வளர்த்தால் காய்க்க எட்டு, பத்து வருடம் ஆகும். உரிகம் போன்ற நல்ல ரகத்தில் ஒட்டுக்கன்று வைத்தாலும் நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும். தாத்தா காலத்து மரம் ஒரு பகலில் போய்விட்டது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலையை விடும் முன், கையில் இருக்கும் பணம் எத்தனை வாரக் கூலிக்குத் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். நான் இப்போது ஆறு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் அதைத் தொடுவதில்லை.