ஜாஸ் இசையைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன அமெரிக்கப் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் வெறும் தற்பெருமைக்காரரா?

தற்பெருமைக்காரர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். முன்பல்லில் வைரம் பதித்துக்கொண்டு வலம்வந்தவரிடம் தன்னடக்கத்தை எதிர்பார்க்க முடியுமா? 1938-இல் ஒரு வானொலி நிகழ்ச்சி புளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியை ஜாஸின் மூலவராக அறிமுகப்படுத்தியதும் மார்ட்டன் கொதித்துப்போனார். 1902-இலேயே அதை உருவாக்கியவன் நான்தான் என்று பத்திரிகைக்கு நீண்ட கடிதம் எழுதினார். தேவாலயப் பதிவின்படி அவர் பிறந்தது 1890. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பலர் கூடி வளர்த்த இசைக்கு ஒருவர் பட்டா கேட்பது அபத்தம். ஆனால் அந்த வாயாடித்தனத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அந்நகரின் பாலியல் விடுதிகளில் பியானோ வாசித்து வளர்ந்த அந்தக் கிரியோல் (கலப்பு வம்சாவளி) இளைஞர்தான், ஜாஸ் இசையைத் திட்டமிட்டு எழுத முடியும் என்று முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர். அவருடைய ‘ஜெல்லி ரோல் புளூஸ்’ 1915-இலேயே அச்சேறிவிட்டது.

1926-இல் சிகாகோவில் ‘ரெட் ஹாட் பெப்பர்ஸ்’ குழுவோடு பதிவுசெய்த ‘பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்’பைக் கேளுங்கள். ஏழே பேர், மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். எல்லோரும் சேர்ந்து முழங்குகிறார்கள்; சட்டென்று மற்றவர்கள் ஒதுங்க, பியானோ தனியாக ஓடுகிறது. அடுத்து டிரம்பெட் போன்ற கார்னெட் வாசிக்கும்போது தாளக் கருவிகள் விட்டுவிட்டு ஒற்றைத் தட்டுத் தட்டுகின்றன. பிறகு பாஞ்சோ என்ற தந்திக் கருவி. யார் எப்போது நுழைய வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமானது. ஆனாலும் அப்போதே மனதில் தோன்றியதுபோல ஒலிக்கிறது. அந்தச் சாமர்த்தியம் மார்ட்டனுடையது.

பலனை வேறு சிலர் அனுபவித்தார்கள். அவருடைய ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’பை 1935-இல் இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மேன் பெரும் வெற்றியாக்கினார், மார்ட்டனோ சில ஆண்டுகளில் வாஷிங்டனில் ஒரு சிறிய மதுக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். 1941-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார்.

அந்த வாஷிங்டன் நாட்களில்தான், 1938-இல், நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பியானோ முன் உட்காரவைத்துப் பல மணி நேரம் பேசவும் வாசிக்கவும் வைத்துப் பதிவுசெய்தார். அதில் பழைய குவாட்ரில் நடன இசையைப் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டி, அதையே ‘டைகர் ராக்’ என்ற புகழ்பெற்ற ஜாஸ் இசையாக மாற்றுகிறார். அப்படி மாற்றியவரும் தான்தான் என்கிறார்! நம்பவேண்டியதில்லை, விரல்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.