ஓசிடி மெஷின்ல இருக்கிற விண்டோஸ் 7ஐ மாத்தலாமா?

குடியாத்தத்துல கண் கிளினிக், விழித்திரையை ஸ்கேன் எடுக்கிற ஓசிடி மெஷினோட வந்த கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7தான், புதுசு போட்டுடலாமானு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு கை வெக்காதீங்க சார். மெஷினோட பேசுற டிரைவர், கார்டு, லைசென்ஸ் டாங்கிள் (சாஃப்ட்வேர் ஓடுறதுக்கு சாவி மாதிரி சொருகி வெக்கிற சின்ன பீஸ்) எல்லாம் பழைய விண்டோஸுக்காக செஞ்சதா இருக்கும், மேல புதுசு ஏத்துனா மெஷின் ஊமையாயிடலாம், அப்புறம் கம்பெனிக்காரங்களும் கைய விரிச்சிடுவாங்க, அதனால அவங்கள கேக்காம வேணாம். முதல்ல ஹார்ட் டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்து பீரோல வையுங்க, நம்ம வேலூர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் மொதல்ல சாவுறது அதுதான். அடுத்து இன்டர்நெட்டை புடுங்கிடுங்க, விண்டோஸ் 7க்கு சப்போர்ட் 2020 ஜனவரியிலயே முடிஞ்சாச்சு, 2017ல ஃபைலையெல்லாம் பூட்டி பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பூந்ததும் அப்டேட் போடாத சிஸ்டத்துலதான். படத்தை தனி நெட்வொர்க்ல டைகாமா (மெடிக்கல் படங்களுக்கான பொது ஃபார்மேட்) அனுப்புங்க. ரிசப்ஷன்ல பாட்டு ஏத்துற பென்டிரைவை மட்டும் அதுல சொருக விடாதீங்க.