ஓவர்கிளாக்: கத்திரி வெயிலில் நிற்குமா?

ஈரோட்டில் 20 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துபவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். ஓவர்கிளாக் என்றால் பிராசஸரையோ ரேமையோ அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. திருப்பூரில் டிசைன் சென்டர் வைத்திருக்கிறேன். பனியன் பிரிண்டுக்கு கலர் செபரேஷன் வேலை. பிராசஸர் ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு. 16 ஜிபி ரேம் இரண்டு போட்டு, எக்ஸ்எம்பி (பெட்டியில் போட்ட வேகத்துக்கு ரேமை ஏற்றும் செட்டிங்) ஆன் செய்து 3600 வேகத்தில் ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. போன மாதம் அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தேன். அதிலிருந்து நீலத்திரை வருகிறது. இரண்டு ஃபைல் திறக்கவே இல்லை. புது ரேம் பழுதுங்களா?
- வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் பயாஸுக்குள் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரை) போய் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் மீதியைப் படிக்கலாம். நீலத்திரையை விட, திறக்காத அந்த இரண்டு ஃபைல்தான் எனக்குக் கவலை. மெஷின் நின்றுபோனால் தெரிந்துவிடும். ரேமில் ஒரு பிட் மாறி, அந்த மாற்றத்தோடு ஃபைல் சேவ் ஆனால் யாருக்கும் தெரியாது. இந்த மாதம் வேலை பார்த்த மற்ற ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். 2018-இல் என் தம்பி கல்யாணம். அப்போது வீட்டு மெஷினில் 3000 ரேமை 3333-க்கு ஏற்றி வைத்திருந்தேன். அரை மணி நேரம் டெஸ்ட் ஓட்டினேன், பிழை வரவில்லை, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். கேமரா கார்டில் இருந்த படங்களை அந்த மெஷினில் காப்பி செய்து, கார்டை அழித்தும் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நிற்கும் இணைச்சீர்ச் சடங்கின் படங்களில் 11 படம் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. தம்பி பக்கத்தில் அக்கா நிற்கும் படத்தில் அவள் நெற்றி வரைக்கும்தான் இருக்கிறது. அந்தச் சீரைத் திரும்பச் செய்ய முடியுமா? அன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். மூன்றாவது சுற்றில்தான் முதல் பிழை வந்தது. அரை மணி நேரத்தில் அது எப்படிச் சிக்கும்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரேம் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியில் 3600 என்று போட்டிருப்பது, அந்தப் பெட்டிக்குள் ஜோடியாக வந்த இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த உறுதி. தனியாக வாங்கிய இன்னொரு ஜோடி அதே மாடலாக இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். அது மட்டுமில்லை. உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகமே 3200தான், அதுவும் இரண்டு ரேம் போட்டால். நான்கு போட்டால் 2933, அந்த நான்கும் டூயல் ரேங்க் ரேமாக (ஒரே ரேமில் இரண்டு தொகுதி சிப்) இருந்தால் 2667. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர் ஒவ்வொரு சேனலிலும் (ரேமுக்குப் போகும் பாதை) இரண்டு ரேமை இழுக்க வேண்டும். ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டைப் பாரம் ஏற்றின மாதிரி.

எக்ஸ்எம்பி இல்லாமல் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தால் ரேம் நல்லது. அப்புறம் கையால் 3200, சிஎல்16 (ரேம் பதில் சொல்ல எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை), 1.35 வோல்ட் வைத்து இரவு முழுக்க அதே டெஸ்டை ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 2933-க்கு இறக்கிவிடுங்கள். 3600-இலிருந்து இறங்குகிறோமே என்று வருத்தம் வேண்டாம். 3600 சிஎல்18 என்றாலும் 3200 சிஎல்16 என்றாலும் ரேம் பதில் சொல்ல எடுக்கும் நேரம் 10 நானோ வினாடிதான். பெரிய பிரிண்ட் ஃபைல் திறக்கும்போது 64 ஜிபி இருப்பதுதான் உங்களுக்கு லாபம்.

திருப்பூர் என்பதால் இன்னொன்று. பனியன் கம்பெனிப் பக்கம் இருந்து வரும் மெஷின்களில் பிராசஸர் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கின் இடுக்குகளில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். வெளியே ஃபேன் சுற்றுவது தெரியும், உள்ளே காற்றே போகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றி பேரிங் கெடும்.

கேள்வி: 3200 ரேம் என்று காசு வாங்கினார்கள். சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் 1600 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- வாசகர், பெருந்துறை

பதில்: இல்லைங்க. டிடிஆர் ரேம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டு முறை தரவு அனுப்பும். 1600 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு என்றால் 3200. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 3200 என்றே இருக்கும். அங்கேயும் 2133, 2400, 2666 என்று வந்தால் எக்ஸ்எம்பி ஆன் ஆகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். ரைசன் 5 5600-ஐ எல்லா கோரிலும் 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வைத்தேன். 1.2 வோல்ட்டில் நிற்கவில்லை, 1.35 கொடுத்ததும் நின்றது. ஆடியில் டெஸ்ட் செய்தபோது ஒரு மணி நேரம் பிழை இல்லை. இப்போது சித்திரையில் கேம் விளையாடினால் பாதியில் ரீஸ்டார்ட் ஆகிறது. எதையும் மாற்றவில்லை.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி, நீங்கள் மாற்றவில்லை, காற்று மாறிவிட்டது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலில் நுழையும்போது எந்த மெஷினும் பாஸ் ஆகும். அன்று அறை 26 டிகிரி என்றால் இன்று 36. அந்த 10 டிகிரியும் அப்படியே பிராசஸர் சூட்டின் மேல் ஏறும். சிலிக்கான் சூடாக ஆக, அதே வேகத்தில் ஓட அதற்கு இன்னும் கொஞ்சம் வோல்ட்டேஜ் தேவைப்படும். ஆடியில் 1.35 போதுமானதாக இருந்தது, சித்திரையில் பற்றவில்லை. அதற்காக வோல்ட்டேஜை இன்னும் ஏற்றிவிடாதீர்கள்.

ஒரு கணக்கு போடுவோம். இந்த பிராசஸர் தானாகவே 4.4 வரை போகும். 4.7 என்றால் வேகம் 7 சதவீதம் அதிகம். மின்சாரச் செலவோ வேகத்தோடும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.2-ஐ 1.35 ஆக்கினால் அதிலேயே சுமார் 27 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 35 சதவீதம் கூடுதல் சூடு. 7-க்காக 35 கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

ரேமும் இதே கதைதான். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு ஓட்டைக் குடம் மாதிரி, சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி வினாடிக்குள் திரும்ப நிரப்ப வேண்டும். 85 டிகிரிக்கு மேல் போனால் அந்த நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது விதி. ரேமையும் ஏற்றி வைத்திருந்தால் அதையும் வெயில் காலத்தில் திரும்ப டெஸ்ட் செய்யுங்கள்.

4.7-ஐ எடுத்துவிட்டு, பயாஸில் பிபிஓ (பிராசஸரின் மின் வரம்பைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) ஆன் செய்து, கர்வ் ஆப்டிமைசரில் (வோல்ட்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் செட்டிங்) மைனஸ் 10-இல் தொடங்குங்கள். வோல்ட்டேஜ் குறையும், பிராசஸர் தானே மேலே போகும். இதில் பிழை பெரும்பாலும் சும்மா இருக்கும்போதோ, லேசான வேலையிலோ வரும். அதனால் இரண்டு நாள் பாட்டு கேட்டுக்கொண்டு, பிரவுசர் திறந்து வைத்தும் பாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் (WHEA-Logger, ஹார்ட்வேர் பிழைப் பதிவு) என்று ஏதாவது வந்தால் மைனஸ் 5-க்கு வந்துவிடுங்கள்.

அப்புறம், பிராசஸரை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95-ஐ மத்தியானம் 2 மணிக்கு, ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டுங்கள். பெரிய பகா எண்களைத் தேடும் முயற்சிக்காக 1996-இல் வந்த மென்பொருள் அது. தன் கணக்கைத் தானே சரிபார்க்கும், தப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்று சொல்லும். அந்த வெயிலில் 3 மணி நேரம் நின்றால் சரி.

கேள்வி: பையன் ரேம் வேகத்தை ஏற்றிவிட்டான். இப்போது ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. போர்டு போய்விட்டதா?
- வாசகி, சோமனூர்

பதில்: பெரும்பாலும் போயிருக்காதுங்க அம்மா. ஆன் செய்து 5 நிமிடம் விடுங்கள், சில போர்டுகள் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்து பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் மின்சார வயரைக் கழற்றி, பவர் பட்டனை 10 வினாடி அழுத்துங்கள். போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, 5 நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். தேதி, நேரம் மாறியிருக்கும், அதைச் சரி செய்தால் போதும். விண்டோஸ் நீல நிறத்தில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ கேட்டால் பயப்பட வேண்டாம், பையனின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அந்த 48 இலக்க எண் இருக்கும். அவனை எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள்.