நர்ஸக்கா பதில்கள்: கிளினிக்ல வேலை பாக்குறவங்க கேட்டது

மதுரையில இப்ப எந்த ரோட்டுல திரும்புனாலும் ஒரு கிளினிக் கம்பெனி போர்டு தெரியுது. பல்லு, தோலு, சுகரு, குழந்தையின்மைன்னு தனித்தனியா, ஒரே பேர்ல அண்ணா நகர்ல ஒண்ணு, பைபாஸ் ரோட்டுல ஒண்ணு, திருமங்கலத்துல ஒண்ணுன்னு பிராஞ்ச் போட்டுக்கிட்டே போறாங்க. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ள யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க. அந்தப் பிள்ளைங்ககிட்ட இருந்துதான் இந்தத் தடவை நெறைய லெட்டர். பேர் போடாதீங்கன்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, அதனால ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன். கம்பெனி பேரையெல்லாம் எடுத்துட்டேன்.

அக்கா, சுகர் கிளினிக்ல நர்ஸா இருக்கேன். ரெண்டு வாரம் முன்னாடி சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, ஒரு பேஷண்டுக்கு ரத்தம் எடுத்துட்டு ஊசிக்கு மூடி போடும்போது விரல்ல குத்திருச்சு. இன்சார்ஜ்கிட்ட சொன்னேன். டெட்டால் போட்டு கழுவிட்டு சோலியப் பாரு, மேல போச்சுன்னா உன் கவனக்குறைவுன்னு மெமோ வரும், இன்சென்டிவ் போயிரும்னாங்க. விட்டுட்டேன். இப்ப ராத்திரி தூக்கமே இல்ல, வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லல. (மேலூர்)

தங்கச்சி, உன் லெட்டர் வந்த அன்னைக்கே உனக்கு போன் பண்ணிட்டேன், டெஸ்ட்டுக்கும் போயிட்டு வந்துட்ட. இருந்தாலும் இங்க எழுதுறேன், ஏன்னா உன்னைய மாதிரி குத்து வாங்கிட்டு வாய மூடிக்கிட்டிருக்குற பிள்ளைங்க ரெம்பப் பேரு.

ஊசி குத்துன உடனே ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கழுவணும். டெட்டாலு, ஸ்பிரிட்டு வேணாம், விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில வைக்கவே கூடாது. அடுத்து அது யாருக்குப் போட்ட ஊசின்னு பாத்து, அவங்ககிட்ட பக்குவமா சொல்லி சம்மதம் வாங்கி அவங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணனும். ஹெச்.ஐ.வி. இருக்கலாம்னு சந்தேகம் வந்தா தடுப்பு மாத்திரைய ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா அதுனால பிரயோஜனம் இல்ல. ஆரம்பிச்சா 28 நாள் விடாம சாப்பிடணும். மதுரை பெரியாஸ்பத்திரியில ஹெச்.ஐ.வி.க்கு மருந்து குடுக்குற ஏ.ஆர்.டி. சென்டர் இருக்கு, ராத்திரியா இருந்தா நேரா கேசுவாலிட்டிக்குப் போயிரணும், விடியட்டும்னு உக்காரக் கூடாது.

உனக்கு அந்த நேரம் தாண்டிப் போச்சு, நிஜந்தான், ஆனா பயந்து சாக வேண்டியதில்ல. ஹெச்.ஐ.வி. இருக்குற ஒருத்தருக்குப் போட்ட ஊசி குத்துனாலே தொத்துறது ஆயிரத்துல மூணு பேருக்குத்தான், உனக்கு குத்துனது யாரோ ஒரு சுகர் பேஷண்டோட ஊசி. நான் அதிகமா பயப்படுறது மஞ்சள்காமாலைக்குத்தான், ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவங்களுக்கு, அந்த நோய் இருக்குறவங்க ஊசி குத்துனா நூத்துக்கு முப்பது பேர் வரைக்கும்கூட தொத்தலாம். நீ வேலைக்கு சேந்து இத்தனை நாள்ல அந்த ஊசி போட்டாங்களான்னு போன்ல கேட்டதுக்கு, அப்படி ஒண்ணு இருக்கான்னு நீ என்னையே திருப்பிக் கேட்ட. எனக்கு அப்ப வந்த கோவம் இன்னும் அடங்கல. 2016 மருத்துவக் கழிவு விதிகள்லயே இருக்கு, கழிவைக் கையாளுற அத்தனை பேருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியை நிர்வாகம்தான் போடணும், வேலைக்கு சேரும்போது ஒருக்கா, அப்புறம் வருஷத்துக்கு ஒருக்காவாச்சும் உடம்பு செக்கப் பண்ணனும். நர்சுக்கு மட்டும் இல்ல, வாளிய எடுத்துட்டுப் போற ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும்தான்! மூணு டோஸு, முதல்ல ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. ஆரம்பிச்சிட்டேன்னு சொன்ன, பாதியில விட்டுறாத. ஆறு வாரம், மூணு மாசம், ஆறு மாசம்னு திரும்ப ரத்த டெஸ்ட்டுக்கும் போகணும், அதுவரைக்கும் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்கணும், பாதுகாப்பாவும் இருக்கணும். இன்னைக்கே சொல்லிரு.

இப்ப கவனக்குறைவுக்கு வாரேன். ஊசிக்கு திரும்ப மூடி போடக் கூடாதுன்னு நர்சிங் ஸ்கூல்ல முதல் வருஷமே சொல்லித் தர்றதுதான். பின்ன ஏன் போட்ட? நீயே சொன்ன, ஊசி போடுற வெள்ளை டப்பா வாய் வரைக்கும் ரொம்பி வழிஞ்சுகிட்டிருந்துச்சு, புது டப்பா கேட்டா ஹெட் ஆபீஸ்ல இருந்து வரணும்பாங்க, அதான் மூடி போட்டு ட்ரேயில ஓரமா வச்சிரலாம்னு பாத்தேன்னு. முக்கால் அளவு வந்தாலே மாத்த வேண்டிய டப்பா அது. டப்பா வாங்கிக் குடுக்காதது யாரு கவனக்குறைவு? மெமோவ அவங்களுக்குல்ல குடுக்கணும்! குத்து வாங்குனவ சொன்னா தண்டனைன்னு வச்சா அடுத்தவ சொல்ல மாட்டா, அதுக்கடுத்து மருந்து மாத்திப் போட்டாலும் சொல்ல மாட்டாங்க, கடைசியில போறது பேஷண்டோட உயிரு. தேதி, நேரம், எந்த ரூம், யார்கிட்ட சொன்ன, எல்லாத்தையும் எழுதி இன்சார்ஜுக்கு ஒரு மெயில், ஹெட் ஆபீஸுக்கு ஒரு காப்பி அனுப்பு. வாயால சொன்னதுக்கு எந்த ரெஜிஸ்டர்லயும் இடம் கெடையாது.

ஈ.சி.ஜி. டெக்னீசியனா இருக்கேன். பேஷண்டோட சொந்தக்காரர் ஒருத்தர் லேட் ஆகுதுன்னு சட்டையப் பிடிச்சு கன்னத்துல அடிச்சிட்டார். மேனேஜர் என்னையத்தான் சாரி கேக்க வச்சார், இல்லேன்னா கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுருவாங்களாம். அன்னைக்கு ராத்திரி ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்புலயும் என் பேரப் போட்டு வஞ்சாரு. (வில்லாபுரம்)

தம்பி, படிச்சிட்டு ரெம்ப நேரம் மனசு ஆறல. ஸ்டார் போனா திரும்ப வாங்கிக்கலாம்.

தமிழ்நாட்டுல 2008-லயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாச்சு. ஆஸ்பத்திரியிலயோ கிளினிக்குலயோ வேலை பாக்குற டாக்டர், நர்ஸ், உங்களை மாதிரி பாராமெடிக்கல் ஆளுங்க மேல கை வச்சா மூணு வருஷத்துல இருந்து பத்து வருஷம் வரைக்கும் ஜெயில். உங்க ஏரியா ஸ்டேஷன்ல புகார் குடுக்கலாம், மேனேஜர் கூட வரணும்னு அவசியமே இல்ல, அடி வாங்குனது நீங்க. சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும், அதனால அத எடுத்து வைக்கச் சொல்லி இன்னைக்கே எழுத்துல கேளுங்க. குரூப்புல வஞ்சதையும் தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பிருங்க. குரூப்புல பதிலுக்குப் பதில் போடாதீங்க, அது அவங்களுக்கு வசதியாப் போயிரும். உங்க கூட வேலை பாக்குறவங்க அன்னைக்கு அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நின்னாங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்க மேல கோவப்படாதீங்க, நாலு பேரா சேந்து ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போடுவாங்களான்னு கேட்டுப் பாருங்க, ஒத்த ஆளா போறதவிட அது நல்லது.

பல் கிளினிக்ல அசிஸ்டென்ட். சேரும்போது ப்ளஸ் டூ மார்க் ஷீட், டிப்ளமா சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினலா வாங்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷ பாண்டுலயும் கையெழுத்து. இப்ப விலகணும்னா ஒரு லட்சம் கட்டுன்னு சொல்றாங்க. (உசிலம்பட்டி)

சர்டிபிகேட் வேற, பாண்டு வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதம்மா. சர்டிபிகேட்டு உன் சொத்து, அத அடகு மாதிரி பிடிச்சு வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கெடையாது. இந்தத் தேதியில இன்னின்ன ஒரிஜினல் குடுத்தேன், ஏழு நாள்ல திருப்பிக் குடுங்கன்னு எழுதி ஸ்பீடு போஸ்ட்டுல டெலிவரி ஆன ஆதாரத்தோட அனுப்பு. பாண்டைப் பொறுத்தவரைக்கும், மொத்தமா செல்லாதுன்னு சொல்லி உன்ன ஏமாத்த மாட்டேன். ஆனா அதுல போட்டிருக்குற தொகை முழுசையும் தானா கேட்டு வாங்கிரவும் முடியாது, உன்னால அவங்களுக்கு ஏற்பட்ட நியாயமான நஷ்டம் எவ்வளவுங்கிறதுதான் கோர்ட்டுல நிக்கும். உனக்கு என்ன ட்ரெயினிங் குடுத்தாங்க? சீனியர் பிள்ளை பக்கத்துல நிக்க வச்சு கத்துக்கிட்டதுக்கு ஒரு லட்சமா?

வக்கீலுக்கு காசு இல்லையேன்னு நெனைக்காத. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மதுரை மாவட்ட கோர்ட்டு வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்கு போன் போட்டாலும் வழி சொல்லுவாங்க.

அஞ்சு மாசம் முழுகாம இருக்கேன். டெலிவரிக்கு வேலைய விட்டுட்டுப் போ, அப்புறம் இடம் இருந்தா பாக்கலாம்னு ஹெச்.ஆர். சொல்றாங்க. (திருப்பரங்குன்றம்)

ராஜினாமா லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துறாதம்மா, அதத்தான் எதிர்பாக்குறாங்க. முதல் ரெண்டு பிள்ளைங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, அந்த லீவுல இருக்கும்போது வேலைய விட்டு நிறுத்தக் கூடாது. சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறாங்கன்னா அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே குடுக்கும், கம்பெனி கையில இருந்து ஒரு பைசா போகாது. இது ஹெச்.ஆருக்குத் தெரியாம இருக்காது. லீவு கேட்டு எழுத்துல குடு, உடம்பப் பாத்துக்க.

நான் பிராஞ்ச் மேனேஜர். நல்லா ட்ரெயின் பண்ணுன பிள்ளைங்க மூணு மாசம், நாலு மாசத்துல ஓடிர்றாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பு இல்லையா, இல்ல நாங்க ஏதாச்சும் மாத்தணுமா? (கே.கே.நகர்)

சார், கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும், கேக்காதவங்கதான் ஜாஸ்தி.

உங்க கிளினிக் நேரம் காலையில ஒம்பதுல இருந்து ஒண்ணரை, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒம்பதுன்னு எழுதியிருக்கீங்க. வாடிப்பட்டியில இருந்தும் அலங்காநல்லூர்ல இருந்தும் வர்ற பிள்ளை அந்த மூணரை மணி நேரம் எங்க போவா? வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்கு பஸ் காசும் கட்டாது நேரமும் பத்தாது. நான் பாத்திருக்கேன், ஷட்டரை இறக்கிட்டு எல்லாரும் போனப்புறம் மாடிப்படியில துப்பட்டாவ விரிச்சு டிபன் பாக்ஸைத் தொறந்து உக்காந்திருப்பாங்க, பாத்ரூம் போகணும்னா பக்கத்துக் கடையில கேக்கணும். ராத்திரி ஒம்பதரைக்கு மேல பஸ்ஸைப் பிடிச்சு வீடு போய் சேரும்போது பதினொண்ணு. உங்க கணக்குல அவ எட்டரை மணி நேரந்தான் வேலை பாக்குறா, அவ வீட்டுக் கணக்குல பதினாலு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கா. ஒரு ரூம், ஒரு ஃபேன், ஒரு பாத்ரூம் சாவி, இல்லேன்னா வாரத்துக்கு ஒரு செட்டு காலை ஷிப்டு இன்னொரு செட்டு சாயங்கால ஷிப்டுன்னு பிரிச்சு விட்டுப் பாருங்க, பாதிப் பேரு நிப்பாங்க.

மீதிப் பாதி சம்பளம். 2016-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 படுக்கைக்குக் கீழ இருக்குற ஆஸ்பத்திரியிலகூட நர்சுக்கு மாசம் 20,000-க்குக் கொறையக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. அது பரிந்துரைதான், சட்டமாகல, ஆனா அதுக்கப்புறம் அரிசி விலையும் ரூம் வாடகையும் எங்க போயிருக்குன்னு நீங்களே பாருங்க. இதுல மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் விக்க நர்சுக்கு டார்கெட் வேற. வலின்னு வந்து நிக்குற மனுசன்கிட்ட பேக்கேஜ் பேசச் சொன்னா நல்ல நர்சுதான் முதல்ல போவா சார், மனசு கேக்காது.

பிள்ளைங்களுக்குப் பொறுப்பு இல்லைங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். 1976-ல டாக்டர் வெங்கடசாமி அய்யா 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நம்ம ஊருதான். ப்ளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பிள்ளைங்களைத்தான் எடுத்து ரெண்டு வருஷம் ட்ரெயினிங் குடுத்து கண் பரிசோதனையில இருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் நிறுத்துறாங்க, டாக்டர் அத்தனை ஆபரேஷன் பண்ண முடியுறதே அந்தப் பிள்ளைங்க முன்னையும் பின்னையும் வேலைய முடிச்சு வைக்கிறதாலதான். அதே உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் பிள்ளைங்கதான் உங்ககிட்டயும் வர்றாங்க.

என் மக நர்சிங் முடிச்சிருக்கா. ஒரு கிளினிக் கம்பெனியில வேலை வந்திருக்கு. பெரிய பேரு, அனுப்பலாமா? எதப் பாத்து முடிவு பண்றது? (சோழவந்தான்)

அண்ணே, கெட்டிக்காரத்தனமா முன்னாடியே கேட்டீங்க. இன்டர்வியூவுக்கு நீங்களும் கூடப் போங்க, ஆனா உள்ள போகாதீங்க, வெளிய ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. கூட்டித் துடைக்கிற அம்மாவ டாக்டரும் மேனேஜரும் எப்படிக் கூப்பிடுறாங்கன்னு கேளுங்க. அங்க இருக்குற நர்சு பிள்ளைக்கிட்ட, சேந்து எவ்வளவு நாளாச்சும்மான்னு விசாரிங்க, எல்லாருமே புதுசுன்னா யோசிங்க.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில வராம முதல் நாள் வேலைக்கு அனுப்பாதீங்க, அதுல சம்பளம், நேரம், வார லீவு மூணும் இருக்கணும். சர்டிபிகேட்ட ஒரிஜினல் காட்டிட்டு ஜெராக்ஸ் மட்டும் குடுக்கச் சொல்லுங்க. பொம்பளப் பிள்ளைங்க பாலியல் தொந்தரவு பத்தி புகார் சொல்ல உள் கமிட்டி இருக்கா, அதுல யார் யாருன்னு நேரடியா கேக்கச் சொல்லுங்க, பத்துப் பேர் வேலை பாத்தாலே 2013 சட்டப்படி இருந்தாகணும், பதில் சொல்லத் திணறுனாங்கன்னா அந்தக் கமிட்டி பேப்பர்லகூட இல்லேன்னு அர்த்தம். சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு யார் டியூட்டின்னு கேளுங்க, வருஷா வருஷம் புதுசா சேந்த பிள்ளை தலையிலயே கட்டுவாங்களா, முறை வச்சு மாத்துவாங்களான்னு அதுல தெரிஞ்சிரும்.

சம்பள சிலிப்புல பி.எஃப். பிடிச்சதா போட்டிருந்தா மட்டும் நம்பிறாதீங்க, மகளோட யு.ஏ.என்.ங்கிற பி.எஃப். நம்பரை வாங்கி அரசாங்கத்தோட உமங் ஆப்ல பாஸ்புக்க நீங்களே தொறந்து பாருங்க. ரெண்டு மாசம் போயும் பணம் ஏறலேன்னா முதல்ல ஹெச்.ஆருக்கு மெயில், அப்புறமும் வரலேன்னா சொக்கிகுளத்துல பி.எஃப். ஆபீஸுக்கு சிலிப்ப எடுத்துட்டு நேர்ல போயிருங்க.