வார்லி ஓவியத்த பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: மேடம், நான் டோம்பிவிலில ஒரு ஸ்கூல்ல கவுன்சிலர், ஆர்ட் தெரபியும் படிச்சிருக்கேன். யார்கூடயும் பேசாம ஒதுங்கி இருக்குற பசங்கள வாரம் ஒருநாள் பார்க்குக்கு கூட்டிட்டுப் போய் வரைய வைக்கிறேன். மகாராஷ்டிராவுல வார்லிங்குற பழங்குடி மக்கள் வீட்டுச் சுவர்ல வரையிற வார்லி படங்கள பிரிண்ட் எடுத்து கலர் அடிக்கக் கொடுக்கலாமா?
- வாசகி, டோம்பிவிலி

பதில்: வார்லி ரொம்ப நல்ல யோசனைம்மா, ஆனா அந்த பிரிண்ட் மட்டும் வேண்டாம். வார்லில மனசு அடங்குறதே கை வேலைலதான். செம்மண்ணும் சாணமும் பூசின சுவர், அரிசிய அரைச்சுக் கரைச்ச வெள்ளை, நுனிய மென்னு நாராக்கின மூங்கில் குச்சி, அவ்ளோதான் சாமான், நம்ம மாக்கோலத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. பசங்களே மண்ணக் கரைக்கட்டும், அட்டைல பூசி காயுற வரைக்கும் சும்மா சுத்திப் பாக்கட்டும், அப்புறம் அன்னைக்குப் பாத்த எறும்பையோ காக்காவையோ வரையட்டும். வார்லிக்காரங்களும் தங்களச் சுத்தி இருக்குற வயல், பனை, கோழியத்தானே வரையிறாங்க? எனக்கு வரைய வராதுன்னு சொல்ற பையன்கூட ரெண்டு முக்கோணத்த முனையோட முனை சேர்த்து மேல ஒரு வட்டம் வச்சா ஒரு ஆள் நிக்கிறத பாத்துடுவான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தார்ப்பா நடனம். நடுவுல ஒருத்தர் தார்ப்பாங்குற ஊதுற வாத்தியத்த வாசிப்பார், எல்லாரும் கை கோத்து சுருள் சுருளா ஆடுவாங்க. ஒரு பெரிய பேப்பர தரைல விரிச்சு ஆளுக்கு ஒரு உருவம்னு சேக்கச் சொல்லுங்க, பக்கத்து ஆளோட கைய பிடிக்கிறதும் விடுறதும் அவங்க இஷ்டம், ஏன் உன் ஆள் தனியா நிக்குதுன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க.

ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்துக்கு சுமங்கலிப் பொண்ணுங்க சுவர்ல போடுற சௌக்னு ஒரு சதுரக் கட்டம், உள்ள பாலகாட் தேவி இருக்கும், அது சாமி காரியம், பயிற்சிக்கு எடுக்காதீங்க. சடங்குக்குன்னு இருந்த இந்த ஓவியம் 1970கள்ல ஜிவ்யா சோமா மஷேன்னு ஒரு வார்லி ஓவியர் தினமும் வரைய ஆரம்பிச்சு பேப்பருக்கு வந்துச்சு, 2011ல அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. வார்லி மக்கள் இன்னும் பால்கர் மாவட்டத்துல, தஹானு பக்கமெல்லாம் இருக்காங்க, உங்களுக்கு ட்ரெயின் தூரம்தான். பொதுவா ட்ரைபல் ஆர்ட்னு சொல்லாம வார்லின்னே பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க, அங்கேருந்து ஒரு ஓவியர கூப்பிட்டு நியாயமான ஃபீஸ் கொடுத்து அவங்க வாயாலயே கதை சொல்ல வைங்க.

அரிசி மாவு மறுநாளே புளிச்சுடும், அன்னன்னைக்கு அரைச்சுக்கோங்க.